தாம்பாளத்து அரிசியும் பப்பாளித் துண்டும்

ஆடி மாதம். முகூர்த்தம் கிடையாது. ஆயினும் பல்லடம் சாலையின் அந்தத் திருமண மண்டபத்து வாசலில் செருப்பு விடவும் இடமில்லை. ஈரோட்டிலிருந்து இரண்டு வேன், சிங்காநல்லூரிலிருந்து ஒரு பேருந்து. உள்ளே ‘மௌனவாக்கு’ ஈஸ்வரமூர்த்தி அடிகளார் எழுந்தருளியிருக்கிறார். பேச்சு வராத பிள்ளைகளைப் பேச வைப்பவர். வாயால் அன்று, அரிசியால்.

மண்டபத்துக்குப் பதினொரு படிகள். சாய்தளம் இல்லை. சக்கர நாற்காலிகளை நாலு பேர் சேர்ந்து தூக்கி வரவேண்டும். அற்புதங்கள் எப்போதும் படிக்கு மேலேதான் நிகழும் போலும்.

முறை எளிது. தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பப்படும். அடிகளார் பிள்ளையின் மணிக்கட்டைப் பற்றுவார். பிள்ளையின் விரல் அரிசியில் ஓடும், எழுத்துப் பிறக்கும், அவரே உரக்கப் படிப்பார், கூட்டம் கண்ணீர் உகுக்கும். விரலை நகர்த்துவது யார் என்று கேட்கும் வழக்கம் அங்கில்லை. மூன்றாண்டுகளுக்கு முன்புவரை இதே அடிகளார் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் விற்றுவந்தார். கோழிகள் அப்போது ஒன்றும் எழுதியதாகத் தகவல் இல்லை.

அகரம் கற்காத ஐந்து வயதுப் பிள்ளையும் இங்கே வெண்பாவில்தான் எழுதும். பரம்பொருளை நேரில் கண்டு வந்த ஆன்மாவாம். கண்டு வந்த அத்தனை ஆன்மாக்களுக்கும் ஈற்றடியில், ஒரே இடத்தில், தளை தட்டியது.

லாஸ்யாவுக்கு ஒன்பது வயது. பிறக்கையில் மூச்சுத் திணறியதால் மூளை பாதிக்கப்பட்டது; கைகால்கள் சொன்னபடி கேளா, பேச்சும் வராது. வலிப்புக்கு இருவேளையும் மருந்து. சக்கர நாற்காலியில் நான்காம் வகுப்புக்குப் போகிறாள். சென்ற மாதம் அவள் விரல் முதன்முதலாக அரிசியில் ‘அம்மா’ என்று எழுதியது. ஒன்பது ஆண்டுகள் அச்சொல்லுக்கு ஏங்கிய அவள் தாய் சைத்ரா தாம்பாளத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள். அதற்குமேல் தூண்டிலில் புழு தேவைப்படவில்லை. இரண்டாம் வருகையில், ‘முற்பிறவியில் நீ ஒரு கன்றின் நாவை அறுத்தாய், தாயே’ என்றது அரிசி. மூன்றாம் வருகையில், ‘பள்ளி வேண்டாம், மருந்து வேண்டாம். நாற்பத்தெட்டு நாள் என்னை அடிகளாரிடம் விடு’ என்றது.

விட வந்த நாள் இது.

“பையில மருந்தை வெக்காத, சைத்ரா. பாப்பாவே வேண்டாம்னு எழுதிப்போட்டாளே” என்றார் வெங்கடம்மாள், சைத்ராவின் கணவருக்கு மூத்த சகோதரி.

“திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாருங்க, அக்கா.”

“டாக்டரு முற்பிறவியப் பாத்தாரா?”

பின்னால் நின்றவர் மெர்சி. பள்ளியில் லாஸ்யாவுக்குச் சிறப்பாசிரியை. “ஏனுங்கம்மா, பாப்பாதான் எழுதறாளான்னு ஒருக்காப் பாத்துப்போடலாங்களா? நான் கிட்டக்கூட வர மாட்டனுங்க. நீங்களே ரூமுக்குள்ள கூட்டீட்டுப் போயி எதையாவது ஊட்டி விடுங்க. என்ன தின்னான்னு அவ எழுதட்டும்.”

“சாமியவே சோதிக்கறயா, அம்மணி?”

“பாப்பாகிட்டத்தானுங்க கேக்கறோம். சரியா எழுதிட்டா பாப்பாவோட துணிப்பைய நானே தூக்கீட்டு வந்து விட்டுட்டுப் போறனுங்க.”

டீச்சரின் மூக்கை அறுக்க இதைவிட நல்ல வாய்ப்பேது? மணமகள் அறையின் கதவைச் சாத்தி, தம் கைப்பட ஊட்டி, வாயைத் துடைத்து, கையில் மிட்டாய்க்கடைப் பெட்டியோடு மேடை ஏறினார் வெங்கடம்மாள். மூடியில் பொன்னெழுத்தில் மைசூர்பாகு மின்னியது.

“சாமி, பாப்பா இப்ப என்ன தின்னான்னு அவ கையாலயே எழுதட்டுங்க. இந்த டீச்சரம்மா வாய அடைக்கோணும்.”

அடிகளாரின் ஞானக்கண் மேலே நோக்கியது. ஊனக்கண் பெட்டியை நோக்கியது. மணிக்கட்டைப் பற்றினார். விரல் ஓடியது.

“அத்தை ஊட்டிய மைசூர்பாகு அமுதம்!”

மண்டபம் அதிர்ந்தது. வெங்கடம்மாள் தட்ட உயர்த்திய கைகள் மட்டும் பாதியில் நின்றன. இனிப்புத் தீர்ந்தபின் பெட்டியை எறியும் பழக்கம் நம் வீடுகளில் உண்டா என்ன? ஏழு பிறவிகளை அறிந்தவருக்கு இது மட்டும் எட்டவில்லை.

“ஏனுங்க சாமி… நான் ஊட்டினது பப்பாளிங்களே?”

“ஆன்மாவுக்கு இனிமையெல்லாம் ஒன்றுதான், தாயே.”

“ஆன்மா கெடக்கட்டுங்க. பல்லுல இன்னும் ஒட்டீட்டிருக்குது, பாருங்க!” பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே செக்கச்சிவந்த துண்டுகள்.

அடிகளார் மெர்சியை நோக்கி விரல் நீட்டினார். “சந்தேகக்காரியின் நிழல் பட்டு வாக்குத் தடுமாறிற்று!”

சைத்ரா எழுந்தாள். “மருந்து வேண்டாம்னு எழுதினப்ப யாரு நிழலுங்க பட்டுச்சு?”

அடிகளார் அரிசியைத் தட்டிச் சமன்செய்தார். வெண்பா பிறக்கவில்லை.

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி தம்பிதுரை தம் மகனின் நாற்காலியை முன்னே தள்ளினார். “எங்கூட்டு நாய் பேர எழுதச் சொல்லுங்க சாமி. பையன் தெனமும் அதுகூடத்தான் வெளையாடறான்.”

அடிகளார் உடனே கண்ணை மூடி யோக நித்திரையில் ஆழ்ந்தார். கொங்குக் கூட்டம் கோபத்திலும் மரியாதை தவறவில்லை. “போலீசு வார வரைக்கும் நல்லாத் தூங்குங்க சாமி” என்று அவரை மணமகள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தியது.

மெர்சி லாஸ்யாவின் நாற்காலிப் பலகையில் நான்கு படங்களைப் பரப்பினார்: மைசூர்பாகு, வாழைப்பழம், பப்பாளி, ‘போதும்’ என்று நீட்டிய உள்ளங்கை. லாஸ்யாவின் கையை எவரும் தொடவில்லை. அது விலகியது, நடுங்கியது, திரும்பி வந்தது. நாற்பது நொடி ஆயிற்று. மூடிய கை பப்பாளியின் மேல் விழுந்தது.

நம்பாத வெங்கடம்மாள் படங்களை இடம் மாற்றினார். மறுபடியும் பப்பாளி. மூன்றாம் முறை மாற்றியபோது லாஸ்யா முறைத்தாள். ‘போதும்’ மேல் ஓங்கி ஓர் அடி.

“அடிப் பாவி! இதை எப்ப இருந்து செய்யறா?”

“ரெண்டு வருசமாங்கம்மா. கேக்கறவங்களுக்குச் சொல்லுவா.”

சைத்ரா மாலை மருந்தை ஊட்டினாள். வெங்கடம்மாளும் ஒரு பக்கம் பிடிக்க, நாற்காலி படியிறங்கியது. மறுநாள் பள்ளி உண்டு.

இறைவனுக்குப் பேச்சு வராத பிள்ளையின் மொழியும் தெரியும். அதற்கு அவன் தரகர் வைத்ததாக நான் ஓதிய எந்தப் பதிகத்திலும் இல்லை. உற்றாரின் கலியாணங்களில் ‘பிள்ளையை வீட்டிலேயே விட்டு வா’ என்று அந்தத் தாய்மாரிடம் சொன்னவர்கள்தாம், அதே பிள்ளைகளின் முற்பிறவியைக் கேட்க மூன்று வண்டியில் வந்து ஆறு மணிநேரம் காத்திருந்தார்கள். இப்பிறவியைக் கேட்க நாற்பது நொடி போதும். பக்தியோடு வாருங்கள், ஐயா, தடையில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுங்கள், மூளையைக் கழற்றாதீர்கள்.