மேல்பாத்தியும் கீழ்பாத்தியும்

"மறுபடியும் உங்க மண்ணு கால்வாயில கெடக்கு அங்கிள்! கொசு வந்தா யாரு பதில் சொல்றது?"

சிங்கப்பூரில், பிடோக் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் இருந்த சரிவில் நின்று, தோட்டக் குழுச் செயலாளர் கபிலன் கத்தினார். கோவிந்தசாமி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். மனைவி ரத்தினம்மா இறந்தபிறகு, அவள் விட்டுப்போன இந்தப் பாத்திக்குத் தினமும் காலையில் வந்து கொத்துவார். கை ஓயும்வரை கொத்தினால்தான் அந்த வெறும் வீட்டுக்குத் திரும்ப முடிந்தது.

"ஆழமாக் கொத்துனா தண்ணி உள்ள எறங்கிரும் லா," என்றார்.

கொத்தினார். அடுத்த மழையில் இரண்டு மடங்கு மண் போனது. கூடவே வெண்டைச் செடிகளும்.

கொத்திய மண்ணையே அள்ளி வரப்பு கட்டினார். மழை வரப்பையும் எடுத்துக்கொண்டது. நடைபாதையெல்லாம் சேறு. சைக்கிளில் வந்தவர் ஒருவர் வழுக்கி விழுந்தார். எழுந்து முதல் வேலையாகப் படம் எடுத்தார்.

"இதுதான் கடைசி அங்கிள். இன்னொரு மழைக்கு மண்ணு எறங்குனா பாத்தி வேற ஆளுக்கு. வெயிட்டிங் லிஸ்ட்ல நாப்பது பேரு."

கீழ்பாத்தி கதீஜாவுடையது. மண்வெட்டியைத் தொடவே மாட்டார். ஆனால் கத்தரிக்காய் குலைகுலையாகத் தொங்கும்.

"ஏன் கதீஜா, நீங்க கொத்தாம இருக்கிறது சோம்பேறித்தனமா, வித்தையா?"

கதீஜா சிறிது நேரம் தன் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டும்தான் அண்ணே. நாளையிலேருந்து கொத்தாதீங்க. காய்ச்சு முடிஞ்ச செடிய அறுத்துட்டு வேரை அப்படியே விடுங்க, அது மண்ணைப் புடிச்சுக்கும். மேல காஞ்ச எலையப் போட்டு மூடுங்க."

"அப்ப காலையில நான் என்ன பண்றது?"

"சும்மா உக்காருங்க."

கொத்துவதைவிட அது கடினமாக இருந்தது. இருந்தும் உட்கார்ந்தார். நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. கால்வாயில் தண்ணீர் கண்ணாடியாக ஓடியது.

கபிலன் கைகுலுக்கினார். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்து, ஏன் கொத்துவதை நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். கோவிந்தசாமி சட்டையைச் சரிசெய்துகொண்டு, "சுற்றுச்சூழல் அக்கறை," என்றார்.

அந்தப் பருவத்தில் கதீஜாவின் செடிகள் மஞ்சளாகிச் சுருண்டன. அவர் வருவதும் நின்றது. ஒருநாள் மருமகள் ருக்சார் வந்து செத்த செடிகளைப் பிடுங்கிப் பையில் போட்டாள்.

"என்னம்மா, எனக்குப் பாடம் எடுத்த உன் மாமி தோட்டமே இப்படிக் கெடக்கு? சொல்லிக்குடுத்ததை அவங்களே மறந்துட்டாங்களா?"

ருக்சார் நிமிர்ந்தாள்.

"இந்தப் பாத்தி வெறும் கல்லு அங்கிள், மேலேருந்து கரைஞ்சு வந்த உங்க மண்ணுலதான் இங்க காய்ச்சுது, 'எனக்குக் கத்தரிக்கா தேக்கா மார்க்கெட்டுல கெடைக்கும், அவருக்குக் காலையில போறதுக்கு வேற எடம் கெடைக்காது'ன்னுட்டுதான் மாமி உங்களைக் கொத்த வேணாம்னாங்க."