ஆழம் தெரியாத கேமரா

"தட்டையா இருக்கு," என்றார் புரொபசர் சஸ்மிதோ.

சேனோ திரையைத் திரும்பிப் பார்த்தான். தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக் குழாய் தைக்கிற டாக்டர்கள் இனி மைக்ராஸ்கோப்பில் குனிந்து கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டாம். மேலே ஒரு கேமரா, எதிரே பெரிய திரை, கண்ணில் முப்பரிமாணக் கண்ணாடி. நிமிர்ந்து நின்றே தைக்கலாம். அதை விற்கத்தான் அவன் ஜகார்த்தாவிலிருந்து சோலோவுக்கு வந்திருந்தான். இந்த வருஷம் இன்னும் ஒன்றுகூட விற்கவில்லை. கேமரா திரும்பி வந்தால் நீ திரும்பி வராதே என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

சோதனைக்காகச் சந்தையில் வாங்கிய கோழித் தொடை மேசையில் கிடந்தது. அதன் ரத்தக் குழாய் திரையிலிருந்து எழுந்து சேனோவின் மூக்கையே இடிப்பதுபோல் நின்றது. இதுவா தட்டை?

"உங்களுக்கு எப்படித் தெரியுது, டாக்டர்?" என்று உதவி டாக்டர் நிங்ருமைக் கேட்டான்.

நிங்ரும் திரையைப் பார்க்கவில்லை. புரொபசரின் முகத்தைப் பார்த்தாள். "தட்டைதான். பொரிக்காத கெருப்புக் அப்பளம் மாதிரி."

பக்கத்தில் நின்ற இன்னொரு உதவி டாக்டரும் தலையாட்டினார். சோலோவில் பெரியவர் மழை என்றால் மற்றவர்கள் வெயிலில் குடை பிடிப்பார்கள். அதற்கு மரியாதை என்று பெயர். படித்தவர்கள் இன்னும் கொஞ்சம் பெரிய குடையாகப் பிடிப்பார்கள்.

மூன்று டாக்டர்கள் சொன்ன பிறகு விற்கிறவன் கண் என்ன பெரிய கண்? சேனோ புரொபசருக்கு வேறு கண்ணாடி கொடுத்தான்.

"தட்டை."

"இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் போகுது, புரொபசர். ரெண்டும் சேர்ந்தாத்தான் ஆழம் தெரியும். கண்ணாடியைக் கொஞ்சம் நேரா..."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே தைக்க ஆரம்பிச்சவன் நான். எனக்கே கண்ணைப் பத்திப் பாடமா?"

சேனோ திரையைக் கிட்டத்தில் தள்ளினான். அதன் சக்கரம் மேசையில் இடித்துக் கோழித் தொடை தரையில் உருண்டது. பொறுக்கிக் கழுவி வைத்தான்.

"இப்போ, புரொபசர்?"

"முன்னாடி தூரத்துல தட்டையா இருந்துச்சு. இப்போ பக்கத்துல தட்டையா இருக்கு."

ஆழத்தைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினான். நிங்ருமின் முகம் வெளிறியது. வாயைப் பொத்திக்கொண்டு கைகழுவும் தொட்டிக்கு ஓடினாள். "ரொம்பத் தட்டை," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

வேறு வழி தெரியாமல் கேமராவின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிச் செருகினான். பள்ளமெல்லாம் மேடாயிற்று, மேடெல்லாம் பள்ளமாயிற்று. இன்னொரு டாக்டர் கோழியை விட்டுவிட்டுத் தன் கையுறையையே தைத்துக்கொண்டார். "ஐயோ!" என்று அலறியவர், புரொபசர் திரும்பியதும், "தட்டை," என்று சேர்த்துக்கொண்டார்.

"முன்ன எப்படியோ இப்பவும் அப்படியேதான் இருக்கு," என்றார் சஸ்மிதோ. "என்னத்தைய்யா மாத்தின நீ?"

கண்ணாடியைக் கழற்றிக் கோழியின் பக்கத்தில் எறிந்தார். மூலையில் நின்ற தன் மைக்ராஸ்கோப்பை இழுத்துவரச் சொன்னார். குனிந்தார். அந்தக் குழாயை அப்படியே பூ கட்டுவதுபோல் தைத்து முடித்தார். சும்மா சொல்லக் கூடாது, கை நல்ல கைதான்.

"ஆழம்னா இதுதான்யா ஆழம்! ரெண்டு கண்ணும் நெறைஞ்சு போகுது. உன் டிவியில நாடகம் பாக்கலாம். ஆபரேஷன் பண்ண முடியாது."

"அதானே!" என்றார்கள் உதவி டாக்டர்கள். நிங்ரும் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"ஒரே ஒரு தடவை நானும் அதுல பாக்கலாமா, புரொபசர்?"

"டிவி விக்கறவனுக்கு மைக்ராஸ்கோப் எதுக்கு? பெட்டியைக் கட்டு."

சேனோ வயரைச் சுருட்டினான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் கண்ணே தன்னை ஏமாற்றிவிட்டதே என்று அதன்மேல்தான் அவனுக்குக் கோபம். வேலை போன கதையை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பெட்டியை மூடினான்.

அப்போது கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஸ்டோர்காரர் சித்தோருஸ் உள்ளே வந்தார். மேடான்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. சோலோவின் நாசூக்கு எதுவும் அவருக்கு இன்னும் ஒட்டவில்லை, குரலும் சந்தைக் குரல். கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி இருந்தது.

"புரொபசர், கொஞ்சம் நகருங்க. பூசணம் புடிச்சுதுன்னு போன மழையில ரிப்பேருக்குக் கழட்டி அனுப்புனாங்களே, உங்க மைக்ராஸ்கோப்போட இடக்கண் லென்ஸு, அது இப்பத்தான் வந்துச்சு. இத்தனை மாசமா அந்த ஓட்டையில மாட்டி வச்சிருக்கிற கறுப்பு மூடியைக் கழட்டணும்."