நானும் மாமியும் கொடுவாத் தூண்டில் வாங்குன லட்சணம்

போன மாசம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காரைக்குடிக்குப் போயி ஒரு தூண்டில் வாங்கிட்டு வரணும்.

எங்க வீட்டுக்காரக, அதான் எங்க மச்சான், தோஹாவுல வேலை பாக்குறாக. லீவுல வரப்போறாக. தொண்டிப் பக்கம் ஆறு கடல்ல கலக்குற எடத்துல நின்னு ஒரு கொடுவா மீனாவது புடிச்சுறணும்னு அவுகளுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே ஆசை. ஒவ்வொரு லீவுலயும் ஏதாவது வந்துரும். ஒரு தடவை மச்சினி கல்யாணம். ஒரு தடவை செப்டிக் டேங்க்.

இந்தத் தடவை புடிச்சே தீருவேன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனாக.

"ஜன்னத், நல்லாக் கேட்டுக்க. ராடு ஏழடி, மீடியம் ஹெவி. ரீல் மூவாயிரம். லைன் பிரெய்டு, முப்பது பவுண்டு. நான் வர்றதுக்குள்ள வாங்கி வச்சுரு."

"அங்கயே வாங்கிட்டு வரலாம்ல?"ன்னேன்.

"பெட்டியில எடமில்ல. நீ கேட்ட ஏர் ஃப்ரையரே பாதிப் பெட்டிய அடைச்சுருச்சு."

அதுக்கு மேல நான் வாயத் தொறப்பேனா?

"தெரியுமா உனக்கு? இல்ல, எழுதி அனுப்பவா?"ன்னாக.

"ஒண்ணும் வேணாம். எல்லாம் எனக்குத் தெரியும்"னு சொன்னேன். இந்த வாய் இருக்கே!

சொல்லிட்டு உக்காந்து வீடியோ பாத்தேன். தொப்பி போட்ட ஒரு அண்ணன் தூண்டில் வாங்குறது எப்படின்னு விளக்குனாரு. ஏழடி புரிஞ்சுச்சு. மத்ததெல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

அந்த வாய்ஸ் மெசேஜை இன்னொரு தடவை கேட்டப்பதான் பிரச்சனை ஆரம்பிச்சுச்சு. அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்த எங்க மாமி, அதான் மச்சானோட அம்மா, கத்தியோட வெளிய வந்தாக.

"என்னது, முப்பது பவுனா?"

"மாமி, அது..."

"உங்க அத்தா போட்டதே அம்புட்டு இல்லயேம்மா! நாங்களும் வாயத் தொறந்து ஒரு குண்டுமணி கேக்கல. இப்ப வந்து எதுக்குக் கேக்குறான் இவன்? போனப் போடு. நான் பேசுறேன்!"

அது பவுன் இல்ல மாமி, பவுண்டு, நூலு எம்புட்டு கனம் தாங்கும்ங்கிற கணக்குன்னு புரிய வைக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு. அவுகளுக்கு முழு நம்பிக்கை வரல.

"நானும் கடைக்கு வாரேன்"னு துப்பட்டியப் போத்திக்கிட்டாக.

காரைக்குடியில பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை. முன்னாடி பெயிண்டு, பிவிசி பைப்பு. உள்ளாற ஒரு செவுரு பூராம் தூண்டில். கடைக்காரருக்கு ஒரு காதுல போன். யார்கிட்டயோ தண்ணி டேங்க் மூடியப் பத்திப் பேசிக்கிட்டே, "என்ன பாக்குறீகக்கா?"ன்னாரு.

நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு, "கொடுவாவுக்கு ராடு. ஏழடி. மீடியம் ஹெவி"ன்னேன்.

அவரு போனக் கொஞ்சம் தள்ளிப் புடிச்சாரு. மரியாதை கூடிருச்சு. "ஃபாஸ்ட் ஆக்‌ஷனாக்கா?"

"ஆமாண்ணே, ஃபாஸ்ட்டுதான். வெள்ளிக்கிழமை வந்துருவாக."

அவரு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாரு. ஃபாஸ்ட் ஆக்‌ஷன்னா ராடு வளையிற விதம்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த எடத்துலதான் நான் வீடியோவத் தள்ளித் தள்ளிப் பாத்திருந்தேன்.

"ஒரே பீஸா, ரெண்டு பீஸா?"

இதுக்கு மாமி முந்திக்கிட்டாக. "ரெண்டு பீஸுன்னா?"

"நடுவுல கழட்டி மாட்டிக்கலாம்மா. கொண்டு போறதுக்கு ஈஸி."

"ஒட்டுப் போட்டதெல்லாம் எங்களுக்கு வேணாம் தம்பி. முழுசாக் குடுங்க."

முழுசாக் குடுத்தாரு. ஏழடி. எங்க மாமி உசரத்துக்கு மேல இன்னொரு அரை மாமி.

அடுத்து ரீலு. "மூவாயிரம் ரீல் காட்டுங்கண்ணே"ன்னேன்.

எடுத்து வச்சாரு. கைப்பிடியெல்லாம் வச்சு, கறுப்பா, கனமா, நல்லாத்தான் இருந்துச்சு. மாமி அதக் கண்ணால கூடப் பாக்கல. நேரா கடைக்காரர் மூஞ்சியப் பாத்தாக.

"ரெண்டாயிரம் இல்லியா தம்பி?"

"ரெண்டாயிரமும் இருக்கும்மா. ஆனா கொடுவாவுக்கு..."

"இருக்குல்ல? அதக் குடுங்க."

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஒரே வார்த்தையில மாமி ஆயிரத்தக் குறைச்சுப்புட்டாக! அவரு உள்ள போயி கொஞ்சம் சின்னதா ஒண்ணு எடுத்துட்டு வந்தாரு. வெலை குறைஞ்சா சாமானும் கொஞ்சம் சின்னதாத்தானே இருக்கும்? நியாயமாத்தான் பட்டுச்சு.

மாமி எனக்குக் கண்ணக் காமிச்சாக. இப்ப ஓன் முறைன்னு அர்த்தம்.

"ஆயிரம்?"னேன், குரலக் கெட்டியா வச்சுக்கிட்டு.

"ஆயிரமும் இருக்குக்கா. அது சின்ன மீனுக்குத்தான் சரியா வரும். இவ்ளோ பெரிய ராடுக்கு..."

"எல்லாக் கடையிலயும் இதத்தான் சொல்லுவாக. நீங்க எடுங்கண்ணே."

அதுக்குள்ள போன்ல டேங்க் மூடிக்காரரு சத்தம் போட ஆரம்பிச்சாரு. கடைக்காரரு அவரச் சமாளிச்சுக்கிட்டே ஒரு குட்டி டப்பாவ எடுத்து வச்சாரு. உள்ள இருந்த ரீலு என் உள்ளங்கையில அடங்கிருச்சு. அழகா, கோழிக்குஞ்சு மாதிரி.

"ஐநூறு கேக்கவா?"ன்னு மாமி என் காதுல கேட்டாக.

"வேணாம் மாமி. பாவம், அவரும் புள்ளகுட்டிக்காரரு"ன்னேன்.

எம்புட்டு நல்ல மனசு எனக்கு!

மொத்தத்துக்கும் பில்லு போட்டாரு. நான் நெனச்சதுக்கு ரொம்பக் கூடவே வந்துச்சு. ராடு ஏழடியாச்சே, அதுதான் வெலை போலன்னு ஸ்கேன் பண்ணிட்டேன். அவரே ரீல ராடுல மாட்டி, நூலச் சுத்தி, "முள்ளும் கட்டிக் குடுத்துறவா?"ன்னாரு.

"கட்டுங்க தம்பி, வந்ததும் புடிக்க ரெடியா இருக்கட்டும்"னு மாமி சொன்னாக. பிளாஸ்டிக்குல ஒரு பொம்மை மீனு, அது வயித்துல ரெண்டு எடத்துல மும்முனை முள்ளு. அதக் கட்டி, ராடு நுனிப் பக்கம் இருக்குற ஒரு வளையத்துல கொக்கி மாதிரி மாட்டி விட்டாரு.

எங்க ஊரு சாக்கோட்டைக்குப் போற டவுன் பஸ்ஸுல ஏறுனோம். ஏறுனோம்னு சொல்லப்படாது. மாமி முன் படியில ஏறுனாக, ராடு பின் படிக்கு வந்துருச்சு.

கண்டக்டர் பாத்தாரு. "என்னம்மா இது, கொடிக்கம்பமா?"

"தூண்டிலுண்ணே."

"சாக்கோட்டையில ஏது கடலு?"

"தொண்டிக்குக் கொண்டு போறதுண்ணே. கொடுவாவுக்கு."

"பொம்பளைகளுக்கு ஃப்ரீ. கம்புக்கு யாரு டிக்கெட் எடுக்குறது?"ன்னாரு. பஸ்ஸே சிரிச்சதுல அவருக்குச் சந்தோசம். டிக்கெட்ட மறந்துட்டு அங்குட்டுப் போயிட்டாரு.

நான் ஜன்னல் சீட்டுல உக்காந்து அடிக்கட்டைய மடியில வச்சுக்கிட்டேன். நுனி ஜன்னலுக்கு வெளிய நின்னுச்சு. வேற வழியில்ல. உள்ள வச்சா யாரு கண்ணையாவது குத்தும்.

நடுவுல ஒரு ஸ்டாப்பு. ஒரு குடும்பம் எறங்குச்சு. கடைசியா எறங்குனவரு மொடமொடன்னு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஏதோ விசேஷத்துக்குப் போறாரு போல, ரெண்டு கையிலயும் பெரிய பழத்தட்டு. எறங்கி, எங்க ஜன்னலை ஒட்டிப் பின்னாடி நடந்தாரு. பஸ்ஸு கெளம்புச்சு.

"கிர்ர்ர்ர்"னு ஒரு சத்தம்.

"வண்டி ஏன்மா இப்படிக் கத்துது?"ன்னாக மாமி.

"கியர் மாத்துறாரு மாமி"ன்னேன்.

சத்தம் நிக்கல. என் மடியில என்னமோ சுத்துது. குனிஞ்சு பாத்தா ரீலு! நூலு வெளிய ஓடிக்கிட்டே இருக்கு. வளையத்துல மாட்டி வச்ச பொம்மை மீனக் காணோம்!

அப்பத்தான் அந்தத் தொப்பி அண்ணன் சொன்னது ஞாபகம் வந்துச்சு. ரீலு கத்துனா பதறாதீங்க, மேல ஒரு திருகு இருக்கும், அதத் திருகுங்க. ஆனா எந்தப் பக்கம் திருகணும்? வீடியோவுல அந்த எடத்துல விளம்பரம் வந்துச்சு.

நான் ஒரு பக்கமாத் திருகுனேன்.

இறுக்கிட்டேன்.

ராடு வில்லா வளைஞ்சுச்சு. வெளிய யாரோ, "ஏய்! ஏய்! நிறுத்து!"ன்னு அலறுறாக. அப்பறம் 'சர்ர்ர்க்'னு ஒரு சத்தம். ராடு பட்டுன்னு நிமிந்துருச்சு. தலைய வெளிய நீட்டிப் பாக்குறேன், பஸ்ஸுக்குப் பின்னாடி வெள்ளையா ஒண்ணு பட்டம் மாதிரி பறந்து வருது.

வேட்டி!

அதுக்கும் பின்னாடி, நடுரோட்டுல, பட்டாபட்டி டவுசரோட, ரெண்டு பழத்தட்டையும் விடாம நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அவரு நிக்கிறாரு. தட்டக் கீழ போட்டா அபசகுனம். போடாட்டி மானம் போயிரும். மனுசன் தட்டத்தான் காப்பாத்துனாரு.

டிரைவர் போட்ட பிரேக்குல ராடு முன்னாடி நகந்து, ரீலு ஜன்னல் கம்பியில 'ணங்'குன்னு மோதுச்சு. நான் ராடோட எறங்கி ஓடுனேன். ஓடுறப்ப நூலைச் சுத்திக்கிட்டே ஓடுனேன். ஏன்னு கேக்காதீக. வேட்டி என்னைய நோக்கித் தரையில ஊந்து ஊந்து வந்துச்சு. பஸ்ஸுல ஒருத்தரு, "அப்படித்தாம்மா, மெதுவா இழு, மெதுவா!"ன்னு சொல்லிக் குடுக்குறாரு.

"மன்னிச்சுக்கங்கண்ணே, மன்னிச்சுக்கங்க"ன்னு வேட்டியக் குடுத்தேன். அவரு வீட்டம்மா வாங்கி அவரச் சுத்திக் கட்டிவிட்டாக. ஒட்டுற வேட்டி. அதான் 'சர்ர்ர்க்'.

அந்தம்மா என்னையத் திட்டல. அவரத்தான் திட்டுனாக. "இந்த ஒட்டு வேட்டி வேணாம், முடிஞ்சு கட்டுங்கன்னு சொன்னேனா இல்லியா?"

அவரு என்னையப் பாத்து, "வீட்டுல யாருக்கும்மா தூண்டிலு?"ன்னாரு.

"எங்க வீட்டுக்காரகளுக்குண்ணே."

"அவருக்கு என் சலாமச் சொல்லு. ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு"ன்னுட்டு நடந்தாரு. முன்னாடி ஒரு கை, பின்னாடி ஒரு கை. தட்டு ரெண்டும் இப்ப அந்தம்மா கையில.

திரும்பி ஏறுனா, மாமி பக்கத்து சீட்டுக்காரம்மாகிட்ட, "நூலு எம்புட்டு கெட்டி பாத்தீகளா? அறுந்தே போகல. நாங்க பாத்து வாங்குனது"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காக.

அன்னைக்குச் சாயங்காலம் மச்சான் வீடியோ கால்ல வந்தாக. "ரீலக் காட்டு"ன்னாக. நல்லாத் தெரியட்டும்னு கேமராகிட்டப் புடிச்சேன்.

"மாஷா அல்லாஹ்! பெருசாத்தான் இருக்கு. கெட்டிக்காரி நீ."

வேட்டி விசயத்த மட்டும் நான் சொல்லல.

வெள்ளிக்கிழமை பொழுது சாய மச்சான் வந்தாக. சோத்தக் கூடத் தொடாம, "எங்க சாமான்?"னாக. ராடத் தடவிப் பாத்து, "அருமை." நூல இழுத்துப் பாத்து, "சரியான நூலு." அப்பறம் ரீலப் பாத்தாக. கழட்டி உள்ளங்கையில வச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தாக.

"இது என்ன, சாவிக்கொத்தா?"

"ரீலு."

"மூவாயிரம்ல சொன்னேன்?"

"ஆயிரத்துக்கே முடிச்சோம்!"னேன், பெருமையா.

மச்சான் ரீல என் கண்ணுகிட்டக் கொண்டு வந்தாக. ரீலுக்கு மேல சின்ன எழுத்துல 1000ன்னு போட்டிருந்த எடத்த வெரலால காட்டுனாக. "இது சைஸு, ஜன்னத்து. வெலை இல்ல. சைஸு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரெண்டாயிரம் இருக்குன்னாரே, ஆயிரமும் இருக்குன்னாரே, ஒவ்வொரு தடவையும் ஆனான்னு இழுத்தாரே அந்த மனுசன்!

மாமிக்கு மட்டும் இது இன்னும் போயிச் சேரல. "உனக்கு ரெண்டாயிரம் மிச்சம் புடிச்சுக் குடுத்துருக்கோம்டா. ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா?"

மாத்தித் தருவாரான்னு கடைக்குப் போன் போட்டாக மச்சான். "கீறல் ஏதும் இல்லேல்ல?"ன்னு கேட்டாரு கடைக்காரரு. மச்சான் ரீலத் திருப்பிப் பாத்தாக. ஜன்னல் கம்பி பட்ட எடம் பளிச்சுன்னு இருந்துச்சு. "இது எப்படி வந்துச்சு?"ன்னாக.

நான் மாமியப் பாத்தேன். மாமி ஒண்ணு விடாமச் சொன்னாக. பட்டாபட்டியோட கலரு உட்பட.

மறுநா விடியக்காலை கார் சொல்லி வச்சாச்சு. தொண்டியில கூட்டாளி காத்துக்கிட்டு இருக்காரு. வேற ரீல் வாங்க நேரமில்ல. "இன்ஷா அல்லாஹ், பாப்போம்"னு அந்தக் கோழிக்குஞ்சையே மாட்டிக்கிட்டுக் கெளம்புனாக. நாங்களும் போனோம். வர வேணாம்னுதான் சொன்னாக. மாமி கேக்கல.

தண்ணி ஏறுற நேரம். மச்சான் வீசுனாக. வீசிச் சுத்துனாக. வீசிச் சுத்துனாக. நாங்க கொண்டு போன இடியாப்பம் தீந்துபோற நேரத்துல தண்ணி வெடிச்சுச்சு!

கொடுவா! என் கை நீளம் இருக்கும். வெள்ளியா வெளிய துள்ளி, தலைய ஒரு ஒதறு ஒதறிட்டு உள்ள போச்சு. மச்சான் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். நிக்காஹ் அன்னைக்குக் கூட அப்படி ஒரு சிரிப்ப நான் பாக்கல.

ரீலு கத்துச்சு. கத்திக்கிட்டே இருந்துச்சு. மீனு கடலப் பாத்து ஓடுச்சு. குட்டி ரீல்ல எம்புட்டு நூலு இருக்கும்? மச்சான் பின்னாடியே தண்ணியில எறங்கி ஓடுனாக, முட்டி வரைக்கும், இடுப்பு வரைக்கும். கடைசி நூலும் போயி, அடியில போட்ட முடிச்சு 'டப்'புன்னு கழண்டுச்சு.

அவ்வளவுதான். வெறும் ரீலு.

மச்சான் இடுப்பளவு தண்ணியில அப்படியே நின்னாக. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. இத்தனை வருச ஆசை, என் பேரத்துல போயிருச்சே!

கரையில இருந்து மாமி சத்தம் போட்டாக. "விடுடா! அது கேக்குற நூல அது எடுத்துக்கிட்டுப் போகட்டும். நீ மேல வா, சளி புடிக்கும்!"

மச்சான் தோளு குலுங்குச்சு. அழுகுறாகன்னு நெனச்சு நானும் தண்ணியில எறங்கிட்டேன். கிட்டப் போனா, சிரிக்கிறாக. நிறுத்த முடியாம, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறாக. "ஆயிரத்துக்கே முடிச்சோம்"னு என்னைய மாதிரியே சொல்லிக் காட்டிச் சிரிக்கிறாக. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அப்பறம் கை குடுத்து என்னையும் கரையேத்துனாக.

திங்கக்கிழமை அவுகளே கடைக்குப் போயி மூவாயிரம் ரீல் வாங்கிட்டு வந்தாக. லீவு முடியுறதுக்குள்ள ரெண்டு கெளுத்தி மாட்டுச்சு. கொடுவா இன்னும் கடல்லதான் இருக்கு.

வெளிநாட்டுல இருக்குற மச்சான்மாருக்கெல்லாம் நான் சொல்றது ஒண்ணுதான். சாமான் வாங்கச் சொன்னா அடியா, கிலோவா, சைஸான்னு சேத்துச் சொல்லுங்க. வெறும் நம்பரச் சொன்னீகன்னா எங்களுக்கு அது வெலைதான். வெலைன்னா, நாங்க கொறைச்சுத்தான் வாங்குவோம்.