சனி நக்கிய ஷூ

ஓடுவதால் ஷூ தேய்வதில்லை. சனி பகவான் நக்குவதால்தான் தேய்கிறது.

இந்த உண்மையைத் திருத்தணி மலையடிவாரத்தில் கொட்டாய் போட்டு, மைக் வைத்து, தாடியைத் தடவியபடி, சற்றும் சிரிக்காமல் உலகுக்கு அறிவித்தவர் பாதரட்சைச் சித்தர். பூர்வாசிரமப் பெயர் எல்லப்பன். அவர் விளக்கம் எளிமையானது. சனிக்குக் கால் ஊனம். மெதுவாகத்தான் நடப்பார். அதனால் ஓடுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. குனிந்து குதிகாலை ஒரு நக்கு நக்கிவிடுவார். சோல் தேய்ந்துவிடும். இதற்குமேல் என்ன அறிவியல் வேண்டும்?

யாரும் கேட்கவில்லை. போலீஸ் வேலைக்கான ஓட்டத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. மணவூர், அம்மையார்குப்பம், எல்லைக்கு அந்தாண்ட நகரி என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எல்லாம் விடியற்காலையில் தார் ரோட்டில் ஓடினார்கள். ஓடி முடித்ததும் ஷூவைக் கழற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு கொட்டாய் வாசலில் வரிசையாக நின்றார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து பழகிய ஊர். ஷூ ஒன்றும் பெரிய பாரமில்லை.

சித்தர் ஷூவைக் கவிழ்த்துப் பார்ப்பார். "குதிகால்ல, வெளிப்பக்கம் தேஞ்சிருக்குதா?"

"ஆங் சாமி."

"சனி."

அடுத்த ஷூ. அதிலும் குதிகால், வெளிப்பக்கம். அதிலும் சனி. பரிகாரம் உண்டு. பழைய ஷூ என்றால் சோலில் நல்லெண்ணெய் தடவி, கறுப்புக் கயிறு கட்டித் தருவார். பன்னிரண்டு வருஷத்துக்குத் தேயாது. புது ஷூ என்றால் சனி நாக்கை நீட்டுவதற்குள் சித்தர் காலடியில் விட்டுவிட வேண்டும்.

"ஷூ தேஞ்சுதுன்னு புதுசு வாங்கறவன் மடையன்" என்று மைக்கில் சொல்வார். "சனிக்கிழமைல வாங்கறவன் மடையனுக்கெல்லாம் தலைவன். கடைக்காரன் தொட்டுப் பாரு, அழுத்திப் பாருன்னுவான். ஷூ இன்னா கத்திரிக்காயா, அழுத்திப் பாத்து வாங்க?"

கூட்டம் சிரிக்கும். சாமியே ஜோக் அடித்தால் சிரிக்காமல் இருக்க முடியுமா?

நம்மூரில் இது முளைத்ததிலும் ஆச்சரியமில்லை. கோயிலில் செருப்பு காணாமல் போனால் நாம் திருடனைத் தேடுவதில்லை. பீடை விட்டது என்று வெறுங்காலோடு சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறோம். திருடனுக்கு இவ்வளவு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் ஊர் வேறெங்கும் இருக்காது. சித்தர் செய்ததெல்லாம் அந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியதுதான். முன்பு திருடன் செருப்பைத் தேடிப் போனான். இப்போது செருப்பு எலுமிச்சம்பழத்தோடு அவரைத் தேடி வந்தது.

வரிசையில் வராத ஒருத்தி இருந்தாள். ஷாலினி.

அவள் ஓடி ஓடி ஷூவின் உயிரை எடுத்திருந்தாள். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உள்ளே இருந்த பஞ்சு செத்துவிட்டது. விரலால் அழுத்தினால் அமுங்காது, அமுங்கினால் எழும்பாது. ஒவ்வொரு எட்டும் நேராக முழங்காலில் இடித்தது. சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் ஆகாஷ் புது ஷூ வாங்கி அனுப்பினான். அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்குள் அம்மா ஜெயம்மா கொண்டுபோய்ச் சித்தர் காலடியில் வைத்துவிட்டு வந்தாள். வரும்போது பழைய ஷூவுக்கு எண்ணெயும் தடவிக்கொண்டு வந்தாள்.

"இத போட்டுகினு ஓடினா வழுக்குதும்மா."

"வழுக்கினா சீக்கிரமா போய்ச் சேருவ."

"அடுத்த வாரம் செலெக்சன். இந்த தடவ விட்டா எனக்கு வயசு தாண்டிடும். தெரியுமில்ல?"

"தெரிஞ்சுதாண்டி பரிகாரம் பண்ணிகினு வந்தேன். ஓடறது நீ, தேயறது ஷூ. நடுவுல சனியில்லாம வேற எவன்?"

"தார் ரோடும்மா. ரப்பர் வெச்சு எழுத்த அழிச்சா ரப்பரும்தான் தேயுது. பென்சில் டப்பாவுக்குள்ள சனி இருக்கிறானா?"

"எல்லாருக்கும் ஒரே எடத்துல தேயுதே, அது எப்படி?"

"எல்லாரும் குதிகாலோட வெளி ஓரத்ததான் மொதல்ல ஊனறோம். உன் செருப்ப கவுத்துப் பாரு. சாமியோட செருப்பு கொட்டாய் வாசல்ல கெடக்குது, அதையும் பாரு. அவரையும் சனி நக்கிட்டுதான் இருக்கிறான்."

ஜெயம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். செருப்பைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? பதிலாக மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து, மஞ்சள் நிறப் பொடி ஒன்றை மகள் நெற்றியில் பூசினாள். பாதப்பொடி.

பாதப்பொடியின் மகிமையைச் சொல்லியாக வேண்டும். கொட்டாயின் நடுவே கண்ணாடிப் பெட்டியில் ஒரு ஜோடி ஷூ இருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தினமும் பிரம்ம முகூர்த்தத்தில் சித்தர் அதைப் போட்டுக்கொண்டு ஓடுகிறாராம். சோலில் ஒரு கோடுகூட அழியவில்லை. அந்த ஷூவிலிருந்து தானாக உதிர்வதுதான் பொடி. பக்தர்கள் நெற்றியில் பூசினார்கள். சிலர் நாக்கிலும் வைத்தார்கள்.

ஷாலினி நெற்றியிலிருந்து கொஞ்சம் வழித்து விரலுக்கிடையில் தேய்த்தாள். திருநீறு மாதிரி வழுவழுவென்று இல்லை. பிசுபிசுவென்று ஒட்டியது. பழைய சோபாவைக் கிழித்தால் உள்ளே உதிருமே, அதே மஞ்சள் பஞ்சு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்கு நானும் சாமிகிட்ட வரேம்மா" என்றாள். ஜெயம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை ஷாலினி எல்லாரையும்விடப் பவ்யமாக, கைகட்டி நின்றாள். "சாமி, தப்பு பண்ணிட்டேன். எனக்கு எண்ணெய் வேணாம், கயிறு வேணாம். அந்தப் பன்னண்டு வருஷ ஷூவ போட்டுகினு எங்க கூட ஒரே ஒரு ரவுண்டு ஓடுங்க. உங்க காத்து பட்டா போதும், நாங்க எல்லாரும் பாஸாயிடுவோம்."

சித்தர் புன்னகைத்தார். "அது பிரம்ம முகூர்த்தத்துல மட்டும்தாம்மா."

"தெனம் ஓடற கால் சாமி. ஒரு நாள் ஒரு மணி லேட்டா ஓடினா இன்னா?"

"ஆமா சாமி" என்றான் ராஜவேலு. வரிசையில் முதல் ஆள், இரண்டு காலிலும் கறுப்புக் கயிறு. "எங்க கண்ணால ஒரு தபா பாத்துக்கறோம்."

பகுத்தறிவாளர் நாலு பேர் வந்து கேட்டிருந்தால் சித்தர் சபித்துவிட்டுப் போயிருப்பார். கேட்டது பக்தர்கள். அவர்களே பெட்டியைத் திறந்தார்கள். அவர்களே அவர் காலில் ஷூவை மாட்டினார்கள். அவர்களே ஒரு கற்பூரமும் காட்டிப் பக்கத்து மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பக்தியிடமிருந்து தப்புவதற்கு அந்த மனிதரிடம் பரிகாரம் இல்லை.

முதலில் நடந்தார். "ஓடுங்க சாமி" என்று பின்னால் கூட்டம். ஓடினார். மைதானத்தின் முதல் வளைவு திரும்பும்போது வலது காலிலிருந்து ஏதோ கழன்று விழுந்தது. ஒரு முழு சோல். அவர் கவனிக்காத மாதிரி ஓடினார். அடுத்த வளைவில் இடது சோலும் விடைபெற்றது. சித்தரின் கணுக்காலைச் சுற்றித் துணி மட்டும் மிச்சமிருந்தது. அவர் போன வழியெங்கும் பாதப்பொடி தாராளமாகக் கொட்டிக் கிடந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

ராஜவேலு சோலைக் கையில் எடுத்தான். டீயில் ஊறிய பொறை ரொட்டி மாதிரி பிட்டுக்கொண்டு வந்தது. "இன்னா சாமி இது?"

"ஒரு நாள் கூட போடாத ஷூண்ணா அது" என்றாள் ஷாலினி. "போடாததால கோடு அழியல. ஆனா சும்மா பெட்டியில வெச்சிருந்தாலும் வருஷம் ஆக ஆகப் பஞ்சு மக்கிடும், பசை விட்டுடும். நாம நெத்தியில பூசிகினு இருந்தது செத்துப்போன பஞ்சு."

சித்தர் மூச்சு வாங்கினார். "சனி... சனி இப்பதாம்மா புடிச்சான்."

"அப்ப நல்லெண்ணெய் எங்க போச்சு சாமி? உங்க ஷூவுக்குத் தடவ மறந்துட்டீங்களா?"

நாக்கில் வைத்தவர்கள் துப்பிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் நின்ற ஜெயம்மா துப்பவில்லை. நேரே கொட்டாய்க்குள் போய்ப் பின்திரையை இழுத்தாள். அங்கே கோணி கோணியாகப் புது ஷூக்கள், அளவு வாரியாகக் கட்டி, விற்பனைக்கு ஏற்றத் தயாராக இருந்தன. சனியைப் பிடித்துச் சந்தைக்கு அனுப்பும் ஏற்பாடு. ஜெயம்மா மகளின் ஷூவைத் தேடி எடுத்தாள். வெளியே வந்து, வாசலில் கிடந்த சித்தரின் செருப்பை முதன்முறையாகக் கவிழ்த்துப் பார்த்தாள். குதிகால், வெளிப்பக்கம்.

"அடப்பாவி" என்று திரும்பினாள். மைதானத்தில் ஆளைக் காணோம். சித்தர் வெறுங்காலில் நகரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தார். தேர்வுக்கு ஓடிப் பழகிய பிள்ளைகளில்கூட அந்த வேகம் யாருக்கும் இல்லை.

ஷாலினி புது ஷூவைக் காலுக்குப் பழக்கிக்கொண்டு அடுத்த வாரம் ஓடினாள். முழங்கால் வாயைத் திறக்கவில்லை. பாஸ். அதற்காக ஜெயம்மா யாருக்கும் தேங்காய் உடைக்கவில்லை. ஒரு சட்னி அரைத்தாள்.

சில வாரம் கழித்து அண்ணன் வந்திருந்தான். அவனுக்குச் செருப்பு வாங்க அரக்கோணத்தில் ஒரு கடைக்குப் போனார்கள். அன்று சனிக்கிழமை, ராகு காலம். ஓரத்தில் தாடி எடுத்த ஒரு மனிதர் ஓட்டக்காரர்களுக்கான ஷூவை எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரலால் குதிகாலை அழுத்தினார். விட்டார். எழும்புகிறதா என்று குனிந்து பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

"இது எத்தினி நாளைக்கு வரும்பா?"

"ஓடறத பொறுத்துங்க" என்றார் கடைக்காரர். "நெறைய ஓடுவீங்களா?"

அந்த மனிதர் நிமிர்ந்தார். வாசலில் நின்ற ஷாலினியைப் பார்த்தார். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இனிமே ஓட வேண்டியிருக்கும். பில் போடுங்க."

ஏமாற்றுகிறவன் தனக்கென்று வாங்கும்போது அழுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறான். கட்டைவிரல் நமக்கும்தான் இருக்கிறது. கைநாட்டு வைப்பதற்கு மட்டுமா அது?