தாவோன் செய்த ராஜினாமா

"என்னை யாரும் அனுப்ப வேண்டாம். நானே போறேன்!"

தாவோன் கண்ணாடி முன்னால் நின்று இதை ஆறு தடவை சொல்லிப் பார்த்தான். ஆறு தடவையும் கம்பீரமாக வந்தது. ஏழாவது தடவை பாதியிலேயே நின்றுவிட்டது.

தாய்லாந்தில், சமுத் பிராகானில் காருக்குக் கதவுப் பிடி செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு இருபத்திரண்டு வருஷமாக ஒரே பிரஸ் மெஷின். தாவோன் என்றால் அவர்கள் பாஷையில் நிலையானவன் என்று அர்த்தம். பெயர் வைத்த அப்பாவுக்கு, கார் வியாபாரம் இப்படிப் படுத்துவிடும் என்று ஜோசியமா தெரியும்? மாதக் கடைசியில் நூற்றுச் சொச்சம் பேரை நீக்கப்போகிறார்கள் என்று பேச்சு. சூப்பர்வைசர் கீரதி மூத்த ஆட்களை ஒவ்வொருவராகக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தான். டீயே வாங்கித் தராதவன் டீ வாங்கித் தருகிறான் என்றால் உஷாராக வேண்டாமா? தாவோன் உஷாராகவில்லை. சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொன்னான்.

"அண்ணே, நீங்க சீனியர். பட்டியல்ல உங்க பேரைச் சத்தமா படிச்சு வெளியே அனுப்பினா எனக்கே தாங்காது. நாளைக்கு உங்க பொண்ணுக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க, அப்பாவை வேலைய விட்டுத் துரத்திட்டாங்களாமேன்னு கேட்டா?"

"ஐயையோ!"

"அதனால நீங்களே ஒரு ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க. மரியாதையா போயிடலாம்."

எவ்வளவு நல்ல பையன் என்று தாவோன் உருகிப்போனான். அவனுக்கு அவமானம் என்றால் காய்ச்சல் வந்துவிடும். கடையில் தப்பான சில்லறை கொடுத்தால்கூட, கேட்டால் கடைக்காரி மனசு சங்கடப்படுமே என்று வாங்கிக்கொண்டு வருகிற ஜாதி. மூன்று நாள் உட்கார்ந்து, நல்ல கையெழுத்தில், கம்பெனிக்கு இத்தனை வருஷம் கொடுத்த தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டு, ஒரு பக்கம் எழுதினான். எழுதியாகிவிட்டது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கால் வரவில்லை.

அவன் மனைவி நொங்யாவ் தினமும் காலையில் தொழிற்சாலை வாசலில் குச்சியில் சுட்ட பன்றிக்கறியும் ஒட்டரிசிச் சோறும் விற்பாள். எச்.ஆர். மேடம் அவளுடைய தினசரி வாடிக்கை.

"நொங், இதை நீயே அந்த மேடம் கையில கொடுத்துடு. எனக்கு அவங்க முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியாது."

"என்னங்க இது?"

"ராஜினாமா."

நொங்யாவ் விசிறியைக் கீழே வைத்தாள். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"யோசிக்காம எழுத நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சரி. கொடுங்க."

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, அழுகை இல்லை. அப்போதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவள் ஒரே வார்த்தையில் சரி என்று சொன்னது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து ஓர் அதிசயம் நடந்தது. அவன் மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதுவும் மெத்தை போட்டது! இருபத்திரண்டு வருஷமாக நின்றே அடித்த இடத்தில் நாற்காலி. எச்.ஆர். மேடம் நேரில் வந்து, "சௌகரியமா இருக்கா அண்ணே? பார்த்து மெதுவா உட்காருங்க" என்றாள். தாவோனுக்குக் கண் நிறைந்துவிட்டது. மானத்தோடு போகிறவனுக்கு உலகம் கொடுக்கிற மதிப்பைப் பார்த்தீர்களா என்று அடுத்த மெஷின் சம்ருவாயிடம் பெருமையடித்தான். சம்ருவாயும் ராஜினாமா எழுதியவர்தான். அவருக்கு நாற்காலி வரவில்லை. மனுஷர் பாவம், கொஞ்சம் வாடிப்போனார்.

கடைசி நாள் வந்தது. பட்டியல் படிக்கிற சத்தம் காதில் விழாதபடி தாவோன் மெஷினை ஓட விட்டுக்கொண்டு நின்றான். ஆளாளுக்கு உறை கொடுத்தார்கள். அவனுக்கும் கொடுத்தார்கள். அவன் குடியிருந்த தெருவில் ஆண்கள் உறை எது வந்தாலும் பிரிக்காமல் பெண்டாட்டி கையில்தான் கொடுப்பார்கள். அவனும் அப்படியே கொடுத்தான். மேனேஜர் தோளில் கை வைத்து, "உடம்பைப் பார்த்துக்குங்க. காரம் குறைச்சுக்குங்க" என்றார். மெஷினைத் துணியால் துடைத்து, எண்ணெய் விட்டு, அணைத்தான். நாளைக்கு அதைப் போட ஆள் இல்லை என்று தெரிந்தும் எண்ணெய் விட்டான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் நொங்யாவ் போனில் அவன் பெயரை வேலையில்லாதவர் பதிவில் ஏற்றினாள்.

"ராஜினாமான்னு போட்டியா?"

"எல்லாம் போட்டாச்சு. சட்டையை மாட்டுங்க."

சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் பாதித் தொழிற்சாலை உட்கார்ந்திருந்தது. தாவோன் தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். இத்தனை பேரில் அவனும் சம்ருவாயும் மட்டும்தானே தாங்களாகவே வேலையை விட்டு வந்தவர்கள்! அவன் முறை வந்தது. கவுண்டரில் ஓர் இளம் பெண்.

"வேலை எப்படிப் போச்சு ஐயா?"

"போகலை. நான் விட்டேன்."

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "இல்லையே. கம்பெனி நீக்கியதுன்னு இருக்கே?"

"தப்பு. நான் ராஜினாமா பண்ணினவன்."

"ஐயா, நீக்கின கடிதம் உங்க ஃபைல்ல இருக்கு."

"அது வேற யாரோ தாவோன்!"

"உங்க அடையாள எண்தான் ஐயா."

"அம்மா, நல்லாப் பாரும்மா! என்னை யாரும் நீக்கலை! நீக்கலை! நானேதான்..."

பெஞ்சுகள் எல்லாம் திரும்பிவிட்டன. அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஐயா, நீக்கினவங்களுக்குப் பாதிச் சம்பளம், ஆறு மாசம். தானா விட்டவங்களுக்கு அதைவிடக் குறைவு, மூணே மாசம். எனக்குத் தெரிஞ்சு இந்தக் கவுண்டர்ல குறைச்சலா கேட்டுச் சண்டை போட்ட முதல் ஆள் நீங்கதான்."

பக்கத்தில் நின்ற நொங்யாவ் வங்கிப் புத்தகத்தை உள்ளே நீட்டினாள். "அவர் அப்படித்தாம்மா. நீ பதிஞ்சுக்கோ."

தாவோன் மெல்லத் திரும்பினான். "நொங். என் லெட்டர்?"

"கொடுக்கலை."

"பின்ன மேடத்துக்கிட்ட என்னத்தைக் கொடுத்தே?"

"லெட்டர் வருதுன்னு கீரதி சொல்லி வச்சிருப்பான். வெறுங்கையோட போக முடியுமா? உங்களுக்கு மூலம் ரொம்ப முத்திடுச்சு, உட்கார நாற்காலி வேணும்னு எழுதிக் கொடுத்தேன்."

தாவோன் அலுவலகத்துக்கு வெளியே வந்து படியில் உட்கார்ந்தான். அழுகை வந்துவிட்டது. சிரிக்கிற விஷயம்தான், ஆனால் அவனுக்கு அழுகைதான் வந்தது.

"இருபத்திரண்டு வருஷம், நொங். கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டேன். என் காலால நடந்து வெளியே வரணும்னு. அதையும் பிடுங்கிட்டியே. பேர் படிச்சாங்களா?"

"படிச்சாங்க. நான் வாசல்ல நின்னு கேட்டேன்." அவள் குரலும் கம்மியது. "எனக்கு மட்டும் வலிக்கலையா? நீங்க எழுதினதைப் படிச்சேங்க. தொந்தரவுக்கு மன்னிப்பு கேட்டிருந்தீங்க. நீங்க அவங்களுக்கு என்ன தொந்தரவு கொடுத்தீங்க? மெஷின்ல விரல் நுனி போனப்பகூட மறுநாள் வேலைக்குப் போனீங்க. அவங்கதான் உங்ககிட்ட மன்னிப்பு கேட்கணும். அந்த லெட்டரை அவங்க கையில கொடுக்க எனக்கு மனசு வரலை. கொடுத்திருந்தா நானூறு நாள் சம்பளம் நஷ்ட ஈடும் போயிருக்கும். அதுக்குத்தான் கீரதி உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

தாவோன் கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தினான். பிறகு எழுந்து நின்று, ஆண்பிள்ளையாக ஒரு முடிவெடுத்தான்.

"நல்லாக் கேட்டுக்கோ. அந்தப் பணத்துல ஒரு பாட் நான் தொடமாட்டேன். இப்பவே உள்ளே போய் எழுதிக் கொடுத்துட்டு வர்றேன்."

கதவைத் தள்ளப் போனான். கதவு உள்ளேயிருந்து திறந்தது. சம்ருவாய் வந்தார். கையில் ஒரு சீட்டு. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே அதே படியில் உட்கார்ந்தார்.

"மூணு மாசமாம்" என்றார். "நஷ்ட ஈடும் கிடையாதாம். தானா விட்டவனுக்குச் சட்டத்துல இல்லையாம். உன்னை நீக்கினாங்களாமே, தாவோன்?"

தாவோன் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றான்.

"கொடுத்து வச்சவன்டா நீ."

நொங்யாவ் அவர் பக்கத்தில் குனிந்தாள். "அண்ணே, நீங்க எழுதினது எனக்குத் தெரியாமப் போச்சே. எங்கிட்டக் கொடுத்திருக்கக் கூடாதா?"

"நானே கொண்டுபோய்க் கொடுத்தேம்மா. வீட்டுல யாரு இருக்கா, வாங்கிப் படிச்சுப் பார்க்க? அவ போய் நாலு வருஷம் ஆச்சு."

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தாவோனுக்குத் தன் அழுகை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சம்ருவாயின் செருப்பில் ஒரு வார் கம்பியால் கட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நொங்யாவ்தான் முதலில் வாயைத் திறந்தாள். "அண்ணே, உங்களுக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் மூணு வேளையும் சாப்பாடு எங்க வீட்டுலதான். மறுக்கக் கூடாது. இவர்தான் சொல்லச் சொன்னார். அந்தப் பணம் வர்றதே உங்களுக்கும் சேர்த்துத்தான்னு இங்கே உட்கார்ந்து ஒரே அழுகை. கண்ணைப் பாருங்க."

சம்ருவாய் நிமிர்ந்து தாவோனின் கண்ணைப் பார்த்தார். சிவந்துதான் இருந்தது. அவனைவிட எட்டு வயது மூத்த மனுஷர், படியிலிருந்து எழுந்து, இரண்டு கையையும் நெற்றிக்குத் தூக்கி அவனைக் கும்பிட்டார். வாசலில் நின்ற பழைய தொழிற்சாலைக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவர் தாவோனின் முதுகில் தட்டினார். பணத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போனவன் என்ன செய்வான்? அவரைவிடத் தாழக் குனிந்து திருப்பிக் கும்பிட்டான்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தான். பிறகு மனைவியின் காதோரம் குனிந்து பல்லைக் கடித்தான்.

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"நீங்க ராஜினாமா பண்ணினீங்களே," என்றாள் நொங்யாவ், "அன்னைக்குத்தான்."