உள்ளே ஒரு பேண்ட், வெளியே ஒரு பேண்ட்

எனக்கு இரண்டு பேண்ட். ஒன்று நானே தைத்து இடுப்பில் மாட்டிக்கொண்டது. இன்னொன்று டாக்டர் என் வயிற்றுக்குள் மாட்டியது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் பேசுவதும் ஒரே மாதிரிதான். இந்த ஒற்றுமையை நம்பித்தான் நான் என் மனைவியை ஏமாற்றத் தீர்மானித்தேன்.

நான் தையல்காரன். 'பேண்ட் ஸ்பெஷலிஸ்ட்' என்று கடைப் பலகையில் எழுதியிருக்கிறது. ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு எனக்கு மனப்பாடம். என் இடுப்பளவை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. டேப் என்னைச் சுற்றி வந்து தன் மறுமுனையைச் சந்திக்காமலே இருந்தது. தெருவில் எனக்குப் 'பீப்பாய் டெய்லர்' என்று பெயர்.

கடை மாடியில் இருக்கிறது. நான் படியேறி வந்ததும், எனக்கு முன்பே வந்து காத்திருக்கும் வாடிக்கையாளர் முதலில் தண்ணீர் கொடுப்பார், பிறகுதான் அளவு கொடுப்பார். ஒருநாள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. என் மனைவி கீழே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கடைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டி, ஹெம்மிங் அடித்துத் தருகிறவள் அவள்தான். வாய் ஓயாதவள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

விஷயம் சுலபம். இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு வளையம் போட்டுவிடுவார்கள். அதுதான் உள் பேண்ட், இங்கிலீஷில் 'band'. அதற்குள் உப்புத் தண்ணீர் ஏற்றினால் இறுகும், எடுத்தால் தளரும். தோலுக்கு அடியில் பட்டன் மாதிரி ஒன்று இருக்கிறது, ஊசி அதில்தான் போகும். 'வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தணும்' என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார். வயிற்றை டாக்டர் கட்டினார். வாயைக் கட்டுகிற வேலையை மாமியாரின் மகள் எடுத்துக்கொண்டாள்.

சின்னத் தட்டு, சின்ன ஸ்பூன். நான் ஒரு முட்டையை மென்று முடிப்பதற்குள் அவள் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒரு பேண்டுக்குப் பட்டனும் கட்டிவிடுவாள். ஆனால் இளைத்தேன். படியேறினேன். மெஷினுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த வயிறு எழுந்து போய்விட்டது. தெருவில் என்னை வெறும் 'டெய்லர்' என்று கூப்பிட்டார்கள். என் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லாமல் இருப்பது எவ்வளவு சுகம் என்பது பட்டப்பெயர் உள்ளவனுக்குத்தான் புரியும்.

வினை கடைசியாகப் போட்ட ஊசியில் வந்தது. வளையம் கொஞ்சம் கூடுதலாக இறுகிவிட்டது. ரொட்டி இறங்கவில்லை. முட்டை இறங்கவில்லை. இறங்காததெல்லாம் போன வழியே திரும்பி வந்தது. காலையில் தண்ணீர்கூட நெஞ்சில் நின்று யோசித்தது. படுத்தால் இருமல். டாக்டரிடம் சொன்னால் தளர்த்திவிடுவார். தளர்த்தினால் பசிக்கும். பசித்தால் சாப்பிடுவேன். என்னை எனக்குத் தெரியாதா? பீப்பாய் திரும்பி வரும்.

ஆகவே ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை. கடையில் வேலை அதிகம் என்று சொல்லி, அடுத்த பரிசோதனைக்குப் போகவில்லை.

மனைவி தினமும் கேட்பாள்.

"ஏங்க, பேண்ட் இறுக்குதா?"

"சேச்சே. லூசாத்தான் இருக்கு. நேத்துகூட இடுப்பைப் பிடிச்சுத் தைச்சேன்."

"நான் உள்ள இருக்கறதைக் கேக்கறேன்."

"உள்ள இருக்கறதுக்கு என்ன? அது பாட்டுக்கு இருக்கு."

இதில் எங்கே பொய்? அது பாட்டுக்குத்தான் இருந்தது. என்னால்தான் என் பாட்டுக்கு இருக்க முடியவில்லை.

சாப்பாட்டு வேளைதான் கஷ்டம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் சோற்றையே மறைத்தேன். பேண்டின் உள்பக்கம் ஒரு ரகசியப் பாக்கெட் தைத்து, அதற்குப் பிளாஸ்டிக் உறை வைத்தேன். தொழில் வாழ்க்கையில் நான் செய்த மிக நேர்த்தியான வேலை அதுதான், யாரிடமும் காட்டத்தான் முடியவில்லை. அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பினால் ஒரு கவளம் பாக்கெட்டுக்குள் போகும். பிறகு செரிமானத்துக்கு நடக்கிறேன் என்று கொல்லைப்பக்கம் போவேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ரிட்டயரான கண்டக்டரின் நாய் வாலாட்டிக்கொண்டு காத்திருக்கும்.

நான் இளைத்தேன். நாய் பருத்தது.

ஒருநாள் கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சோர்ந்து உட்கார்ந்தார். மனைவி ஹெம்மிங் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நாயை டாக்டர்கிட்ட காட்டிட்டு வரேம்மா."

"என்னண்ணே ஆச்சு?"

"எடை கூடிப்போச்சாம். பாதிச் சாப்பாடு போடச் சொல்றார். நான் போடறதே பாதிதான். மீதிப் பாதி எங்கேருந்து ஏறுதுன்னு தெரியலை. வெறும் நாய்த்தீனி திங்கற வாயில முட்டை வாசனை வருது."

மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு என் பாக்கெட்டைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நாய்க்கெல்லாம் பேண்ட் போடுவாங்களாண்ணே?" என்று கேட்டாள்.

"நாய்க்கு எதுக்கும்மா பேண்ட்? அதான் உடம்பெல்லாம் ரோமம் இருக்கே" என்றார் கண்டக்டர்.

அவர் போன பிறகு ஒரு பிரளயத்தை எதிர்பார்த்தேன். வரவில்லை. அன்றிலிருந்து அவள் உள் பேண்டைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மனைவி கேள்வி கேட்பதை நிறுத்தினால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு அது உறைக்கவில்லை.

அந்த வாரமே வெளிப் பேண்ட் நழுவ ஆரம்பித்தது.

வீட்டில் ஒரு எடை மெஷின் வாங்கி வைக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். தையல்காரன் வீட்டில் அது எதற்கு? இடுப்பில் போடுவதுதான் எனக்கு எடை மெஷின். நழுவினால் பின்பக்கம் பிடித்துத் தைத்துவிடுவேன். புதுத் தையல் வரி போடும்போது பழைய வரியைப் பிரிக்க மாட்டேன், அதிகத் துணியை வெட்டவும் மாட்டேன். இளைத்தவன் திரும்பப் பருக்கலாம் என்பது எங்கள் தொழிலின் அவநம்பிக்கை.

பிடித்தேன். மறுபடி நழுவியது. மறுபடி பிடித்தேன். மறுபடி தொளதொள. ஒருவேளை இவள் கைவரிசையோ என்று சந்தேகம் வந்து, பேண்டை உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். அந்நியத் தையல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் என் மெஷின், என் நூல், என் கை. அப்படியென்றால் கரைவது நான்தான்.

"என்னங்க, பேண்டைக் கையில பிடிச்சுக்கிட்டே நடக்கறீங்க?"

"துணி சரியில்லை. இழுவை விடுது."

"இந்தத் துணி ஆயுசுக்கும் உழைக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"துணி உழைக்கும். அதுவரைக்கும் நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஏற்கெனவே ஒரு பேண்ட் தைக்கக் கொடுத்திருந்த பேங்க் மேனேஜர் ஒருவர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். நெட்டையானவர். தோள் அளவுக்காக இரண்டு கையையும் உயர்த்தினேன். என் பேண்ட் இறங்கித் தரையில் உட்கார்ந்தது.

அவர் கண்ணியமானவர். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டெய்லர், உங்க தையலை நம்பித்தான் வந்திருக்கேன்."

நான் பேண்டை ஏற்றிக்கொண்டேன். அவர் போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தப்பா நினைச்சுக்காதீங்க. உடம்புக்கு ஏதாவது பெரிய வியாதியா?"

திரைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி முன் போய் நின்றேன். அந்தக் கண்ணாடியில் ஆயிரம் பேருக்கு அவர்கள் இடுப்பைக் காட்டியிருக்கிறேன். என் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் குழிக்குள் போயிருந்தது. கழுத்தில் எலும்பு தெரிந்தது. செத்துப்போவேன் என்று பயம் வந்தது. நிஜமான பயம். பீப்பாய் என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்க வேண்டுமே.

ஷட்டரை இறக்கினேன். வீட்டுக்குப் போன் செய்தேன்.

"பட்டன் விஷயமா வெளிய போறேன். வர நேரமாகும்."

"சரிங்க. மெதுவா போயிட்டு வாங்க" என்றாள். எந்தக் கடை, எத்தனை டஜன் என்று அவள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எழுந்து நின்று வரவேற்றாள். "வாங்க சார். நேரா உள்ள போங்க, டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"நான் வரேன்னு யாருக்குமே சொல்லலையே?"

"வீட்டுல சொன்னாங்க. ரெண்டு மூணு நாள்ல நீங்களே வருவீங்க, பேண்டை லூசாக்கணும், காக்க வச்சா திரும்பிப் போயிடுவீங்கன்னாங்க."

எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினாள். இளைத்துத்தான் இருந்தேன், இளைக்கக் கூடாத வேகத்தில். ஆனால் என் பேண்ட் சொன்ன கணக்கில் பாதிகூட இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. வளையத்தைப் படம் எடுத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டிருந்தா வளையம் நழுவி இரைப்பையே கெட்டிருக்கும். உயிரோட விளையாடியிருக்கீங்க" என்றார். பட்டனில் ஊசி போட்டுத் தண்ணீரை வெளியே எடுத்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். எங்கும் நிற்காமல், எதையும் யோசிக்காமல் அது நேராக இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீருக்காக ஒருவன் அழுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போனேன். அவள் மேஜையருகே உட்கார்ந்து ஒரு பேண்டுக்குப் பட்டன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பட்டன் விஷயம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. தண்ணி எடுத்துட்டாங்க."

"குடிக்க முடியுதா?"

"முடியுது."

ஊசியைக் கீழே வைத்தாள். மடியில் இருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது பேங்க் மேனேஜருடையது. 

"என் பேண்டை என்ன பண்ணின?"

"ஒரு தையல்கூடப் போடலைங்க."

"பாத்தேன். எல்லாம் என் தையல்தான்."

"உங்க தையல்தான். நீங்க புது வரி போடப் போட நான் அதைப் பிரிச்சுக்கிட்டே வந்தேன். பழைய வரிதான் உள்ளயே இருக்கே, அது பாட்டுக்குப் பிடிச்சுக்கும்."

வேற்றுத் தையல் இருக்கிறதா என்றுதான் தேடினேனே தவிர, என் தையல் குறைகிறதா என்று பார்க்கவில்லை. பேண்ட் ஸ்பெஷலிஸ்ட்.

"என்கிட்ட நேரா கேட்டிருக்கலாமே."

"தினமும் கேட்டேன். நீங்க இடுப்பைப் பத்தியே பதில் சொன்னீங்க. அதான் நானும் இடுப்புகிட்டயே பேசிட்டேன்."

"ரொம்பப் பயந்துட்டேன்மா."

"நான் மட்டும்? நீங்க இருமினா எந்திரிச்சு உக்காந்துடுவேன். மூச்சு வருதான்னு பாத்துட்டுத்தான் படுப்பேன். உள்ள இருக்கறதை டாக்டர் லூசாக்கணும்னா வெளிய இருக்கறதை நான் லூசாக்கியாகணும். வேற வழி தெரியலை." ஊசியை மறுபடி கையில் எடுத்தாள். "நீங்க பீப்பாயா இருந்தப்பவும் நான்தானே கூட இருந்தேன். திரும்பப் பருத்தா பருத்துட்டுப் போங்க. எனக்கு ஆள் வேணும்."

 இனி எந்தப் பேண்டைப் பற்றியும் அவளிடம் மறைப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். அவள் சூப் கொண்டுவந்து வைத்தாள். சின்ன ஸ்பூனில் மெதுவாகக் குடித்தேன். எல்லாம் இறங்கியது. கொஞ்சம் தெம்பு வந்ததும் ஒரு சந்தேகமும் வந்தது.

"ஒருவேளை பேண்ட் கழண்டும் நான் டாக்டர்கிட்ட போகாம இருந்திருந்தா?"

"அதுக்கும் ஒண்ணு யோசிச்சு வச்சிருந்தேன்."

"என்ன அது?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அதை இப்பவே சொல்லிட்டா எப்படிங்க? அடுத்த தடவைக்கு வேணுமில்ல?"