பதின்மூன்று ஆம்பியர்

மூன்றாவது தடவையாக மின்விசிறிகள் நின்றபோது வெங்கட் மாமனாரின் முகத்தைப் பார்க்கவில்லை. சவப்பெட்டி வைத்திருந்த வெள்ளை மேடையின் அடியிலிருந்து வெளியே வந்த வயரைத்தான் பார்த்தான்.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில், தான் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில், கண்ணாடி மூடிக்குள் படுத்திருந்தார் கோவிந்தசாமி. முப்பத்தெட்டு வருஷம் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். மகன் ஜெய் மாலை ஆறு மணிக்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து வந்து இறங்குகிறான். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை எடுத்துவரும் ஏற்பாடு முழுவதையும், அதில் என்னென்ன அடக்கம் என்று கேட்காமலே, அவனே போனில் செய்துவிட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு மண்டாய் மயானத்தில் தகனம்.

"அண்ணன் அப்பாவை நேர்ல பார்த்து நாலு வருஷம் ஆச்சு, வெங்கட். கடைசியா முகத்தை ஒரு தடவை பார்த்துட்டா போதும்" என்றாள் மனைவி நிரஞ்சனா.

"நான் பார்த்துக்கறேன்" என்றான் வெங்கட். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திருச்சியில் எலக்ட்ரிகல் படித்துவிட்டு, தஞ்சோங் பகாரில் மென்பொருள் எழுதுகிறவன் அவன். கோவிந்தசாமி அவனைப் 'பேப்பர் எஞ்சினியர்' என்பார், அதுவும் முகத்துக்கு நேரே. வீட்டில் ஒரு பல்பு மாட்டக்கூட மாப்பிள்ளையை விட்டதில்லை. மனிதர் போன பிறகாவது நிரூபித்துக் காட்ட வேண்டாமா?

தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கணக்குப் போட்டான்.

"காப்பி பாய்லர் பத்து ஆம்பியர். 230 வோல்ட்டால பெருக்கினா 2300 வாட். 230ஐ பத்தால வகுத்தா ரெசிஸ்டன்ஸ் 23 ஓம். நாலு ஃபேன், நாலு ஆம்பியர். ஃப்ரீசர் பாக்ஸ்..."

மேடையில் எங்கும் லேபிள் இல்லை. துறையூரில் பெரியப்பா செத்தபோது வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டியை நினைவுக்குக் கொண்டுவந்து, மூன்று ஆம்பியர் என்று எழுதினான்.

"மொத்தம் பதினேழு. இந்த லைன் தாங்கறது பதிமூணு. அதான் ட்ரிப் ஆகுது."

நிரஞ்சனா வீங்கிய கண்களோடு தலையாட்டினாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பாய்லரைப் பிடுங்கிவிட்டுப் பிரேக்கரைத் தூக்கினான். விசிறிகள் சுழன்றன. வெங்கட் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கல்யாணமான பத்து வருஷத்தில் இப்படி ஒரு பெருமை அவனுக்கு வந்ததில்லை.

பக்கத்து புளோக் பூவம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "காப்பித் தண்ணி இல்லாம என்ன சாவு வீடு லா இது?" என்று தன் வீட்டுக் கெட்டிலைக் கொண்டுவந்து சொருகினார். மறுபடியும் எல்லாம் நின்றது.

"அக்கா, ஃப்ரீசர் நின்னுடும்!"

"அப்ப ஃபேனை நிறுத்து லா."

நிறுத்தினான். பதினோரு மணி வெயிலில் பத்தே நிமிஷத்தில் மாமியார் சரஸ்வதி நாற்காலியிலிருந்து சரிந்தார்.

கெட்டிலைப் பிடுங்கி, விசிறிகளை மறுபடியும் போட்டுவிட்டு, ஃப்ரீசருக்குத் தனி லைன் கொடுக்க முடிவு செய்தான். இரண்டாவது மாடியில் மாமனார் வீடு. அங்கிருந்து அவருடைய முப்பது மீட்டர் கேபிள் உருளையை எடுத்து, வேண்டிய அளவு மட்டும் அவிழ்த்து, ஜன்னல் வழியே கீழே விட்டான். நுனியில் பிளக் சொருக நாலு ஓட்டை இருந்தது. ஒன்றில் ஃப்ரீசர். மிச்சம் மூன்று சும்மாதானே இருக்கிறது என்று பூவம்மா ஒன்றில் கெட்டிலையும் இன்னொன்றில் ஒரு விசிறியையும் சொருகினார்.

கால் மணி நேரத்தில் மாடியிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. அவிழ்க்காத வயர் உருளையிலேயே சூடேறி ஒட்டிப்போயிருந்தது. வீட்டு மின்சாரமும் போய்விட்டது. ஓடி வந்து கீழ்த்தளத்துப் பிரேக்கரைப் பார்த்தால், ஓயாமல் விழுந்து எழுந்த களைப்பில் அதுவும் மேலே நிற்க மறுத்தது.

"கேபிள் ஒரு ஓம் இருக்கும். கெட்டில் பத்து, ஃபேன் ஒண்ணு, ஃப்ரீசர் மூணு, பதினாலு ஆம்பியர் போயிருக்கு. பதினாலு இன்ட்டு பதினாலு, 196 வாட் சூடு" என்றான் வெங்கட், யாரும் கேட்காமலே.

போனில் கிடைத்த எலக்ட்ரீஷியன் சாயங்காலத்துக்கு முன் வர முடியாது என்றார். பூவம்மா மேடையின் பக்கப் பலகையில் கை வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது சில்லுன்னே இல்லையே."

"கரண்ட் போய் அரை மணி ஆச்சே அக்கா, எப்படி இருக்கும்?"

துறையூரில் ஜெனரேட்டர் நின்ற அன்றைக்குப் பெரியப்பாவுக்கு நேர்ந்தது இன்னும் வெங்கட்டின் கனவில் வருகிறது. நிரஞ்சனாவைத் தனியே அழைத்துப் போனான்.

"இன்னைக்கே எடுத்துடலாம், நிரஞ்சனா."

"அண்ணன்?"

"உங்கண்ணன் அப்பாவை எந்தக் கோலத்துல பார்க்கணும்? நீயே சொல்லு."

அவள் அழுதுகொண்டே சரி என்றாள். மண்டாயில் வேறு யாரோ ரத்து செய்ததில் பிற்பகல் மூன்றே முக்கால் மணித் தகனம் கிடைத்தது. ஜெய் அப்போது கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தான். அவனிடம் கேட்க வழியில்லை.

ஏழு மணிக்கு ஜெய் தோள்பையோடு டாக்சியிலிருந்து இறங்கினான். கண்ணாடி மூடி இல்லை, பெட்டி இல்லை. வெள்ளை மேடை மட்டும் இருந்தது. அதன்மேல் இரண்டு சாமந்திப் பூக்கள் கிடந்தன.

வெங்கட் அட்டையை விரித்து, பதினேழு ஆம்பியரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினான். கடைசியில் ஜெய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க செஞ்சதுதான் மாப்பிள்ளை சரி. கெட்டுப்போன முகத்தை நான் பார்த்திருந்தா தாங்கியிருக்க மாட்டேன்" என்று உடைந்து அழுதான்.

கோவிந்தசாமி குடும்பத்தில் வெங்கட்டுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவனும் அழுதான்.

அன்று காலையில் கூடாரம், நாற்காலி, மேடை எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு, இன்னொரு சாவுக்காக மார்சிலிங் பக்கம் போன இறுதிச்சடங்கு நிறுவனத்து அஹமது கபீர் அப்போதுதான் லாரியோடு திரும்பி வந்தார். வயரைச் சுருட்டி மேடையின்மேல் போட்டார்.

"பார்த்துத் தூக்குங்க பாய், உள்ள ஃப்ரீசர் மெஷின் இருக்கு" என்றான் வெங்கட்.

கபீர் மேடையை ஒற்றைக் கையால் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"மெஷினா? நாலு அலங்கார பல்பு லா, அதுவும் போன மாசமே ஃபியூஸ் போச்சு. பெரியவருக்குத்தான் நேத்தே கெடாம இருக்க ஊசி போட்டாச்சே, இன்னும் நாலு நாளைக்கு அப்படியே இருந்திருப்பாரு!"